கைத்தொலைபேசி அங்காடிகள்

பண்டங்கள் கைமாறும் இடமெல்லாம் நம்பிக்கையும் கைமாறுகின்றது. கடைக்காரரின் முகத்தை அறிந்து பொருள் வாங்கிய காலத்தில் அந்நம்பிக்கைக்குத் தனியே சான்று வேண்டியிருக்கவில்லை. அரிசியிற் கல் கிடந்தால் மறுநாட் காலையில் அதே கடைப்படியில் ஏறி நின்று கேட்கலாம். முகந்தெரியாத வணிகரிடமிருந்து, பெயர் தெரியாத ஊரிலிருந்து, கண்ணாற் காணவியலாத பண்டமொன்று உள்ளங்கைக்கே வந்து சேரும் இக்காலத்தில், ஏறி நின்று கேட்பதற்குப் படி இல்லை. கைத்தொலைபேசிக்குரிய செயலிகளையும் ஏனைய கோப்புகளையும் வழங்கும் இணையத்தளங்கள் இத்தகைய அங்காடிகளே. அவை எவ்வாறு தோன்றின, எவ்வாறு இயங்குகின்றன, அவற்றிற் புழங்குவோர் எவற்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும் என்பனவே இவ்வுரையின் பொருளாகும்.

இவ்வங்காடிகளில் நிகழும் அலுவல் இருவகைப்படும். ஒன்று, செயலியைப் பெற்றுக்கொள்வது. மற்றது, தன்னிடமுள்ள கோப்பைப் பிறர் எடுக்குமாறு ஓரிடத்தில் வைப்பதும், பிறர் வைத்ததைத் தான் எடுப்பதும். செயலிக்கும் ஏனைய கோப்புக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் உணர்தல் நன்று. பாட்டும் படமும் புத்தகமும் பெரும்பாலும் வீட்டுக்கு வரும் விருந்தினரைப் போன்றவை. கூடத்தில் இருந்துவிட்டுப் போவன. செயலியோ வீட்டு வேலைக்கு அமர்த்தப்படும் ஆளைப் போன்றது. அது சமையலறைக்குள்ளும் செல்லும். பெட்டகத்தின் திறப்பையும் கேட்கும். வினைக்குரியாரைத் தேர்ந்தெடுக்கும் அரசனுக்கு வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்தார். கையில் ஒரு தொலைபேசியுடைய ஒவ்வொருவரும் இன்று அவ்வரசனின் நிலையிலேயே இருக்கின்றனர்.

இவ்வங்காடிகளின் வரலாறு நெடியதன்று. 1997ஆம் ஆண்டிலே எரிக்சன், மொட்டரோலா, நொக்கியா, அன்வயர்ட் பிளனெற் என்னும் நிறுவனங்கள் கூடி, கைத்தொலைபேசியில் இணையத்தைக் காட்டுவதற்கு ‘வாப்’ எனப்படும் ஒழுங்கொன்றை வகுக்கத் தொடங்கின. 1999இல் அறிமுகமான நொக்கியா 7110 அவ்வொழுங்கை ஏற்ற முற்பட்ட கருவிகளுள் ஒன்று. அதன் திரை குறுக்கே 96 புள்ளிகளும் நெடுக்கே 65 புள்ளிகளும் கொண்டது; வண்ணமும் கிடையாது. கணினிக்கென ஆக்கப்பட்ட பக்கத்தை அத்திரையிற் காட்ட முயல்வது, கோவிற் கோபுரத்தைச் சாவித் துவாரத்தின் வழியே காண முயல்வதை ஒக்கும். ஆகவே பக்கத்தைச் சிறு சிறு சீட்டுகளாகப் பகுத்தனர். ஒரு திரைக்கு ஒரு சீட்டு; பல சீட்டுகள் சேர்ந்தது ஒரு கட்டு. பயனர் கட்டினை ஒருமுறை பெற்றுக்கொண்டு, சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். கைத்தொலைபேசிக்கேற்ற இணையத்தளம் என்னும் எண்ணத்தின் முளை இதுவே.

அடுத்துவந்த ஆண்டுகளில் ஜாவா மொழியில் எழுதப்பட்ட சிறு செயலிகளை ஏற்கும் தொலைபேசிகள் பரவின. முற்பட்ட நொக்கியாக் கருவிகள் சிலவற்றில் ஒரு செயலி 64 கிலோபைற் அளவைத் தாண்டலாகாது. இன்றைய தொலைபேசி எடுக்கும் ஒரேயொரு புகைப்படம் அதனிலும் பன்மடங்கு பெரிது. எனினும் அச்சிறிய இடத்துள்ளே அகராதியும் சதுரங்கமும் கணக்குப் பொறியும் அடங்கின. குறளின் அடியளவுக்குள் பொருளை அடக்கும் பயிற்சி போன்றதொரு பயிற்சி அச்செயலிகளை எழுதியவர்க்கு வேண்டியதாயிற்று.

எழுதியவற்றை மக்களிடம் சேர்ப்பது எவ்வாறு என்பதே அடுத்த வினா. தொலைபேசிச் சேவை நிறுவனங்கள் தத்தம் வாயில்களில் தாம் தேர்ந்தெடுத்த சிலவற்றையே வைத்தன. சிறிய ஆக்குநருக்கு அவ்வாயில்களில் இடங்கிடைத்தல் அரிதாயிற்று. இக்குறையை நீக்கவெழுந்த தளங்களுள் முதன்மையானது, 2004ஆம் ஆண்டில் லித்துவேனியா நாட்டிலே இல்யா லவுர்ஸ் என்பார் தொடங்கிய ‘கெற்ஜார்’ ஆகும். ஜாவாச் செயலிக் கோப்பின் பெயரீறு ‘ஜார்’. அதனைப் பெறுமிடம் என்பதே அத்தளத்தின் பெயருக்குப் பொருள். ஆக்குநர் தம் செயலிகளை ஒருவருக்கொருவர் கொடுத்துப் பரீட்சிப்பதற்கென அமைந்த அத்தளம், காலப்போக்கில் உலகெங்கும் பொதுமக்கள் இலவசமாகச் செயலி பெறும் பேரங்காடியாயிற்று.

அவ்வங்காடி இயங்கிய முறை அறியத்தக்கது. ஒரே விளையாட்டை 128க்கு 128 புள்ளித் திரைக்கு ஒன்று, 176க்கு 208 புள்ளித் திரைக்கு ஒன்று, 240க்கு 320 புள்ளித் திரைக்கு ஒன்று எனப் பல அளவுகளில் தைக்க வேண்டியிருந்தது. தன் திரையின் அளவு யாது என்று பயனர் அறியார். ஆயின் தொலைபேசியிலுள்ள உலாவி, ஒரு தளத்தின் கதவைத் தட்டும்போதே தன் பெயரையும் தன் கருவியின் இனத்தையும் கூறிவிடும். அதனைக் கேட்ட தளம், தன் ஏட்டைப் புரட்டிப் பொருத்தமான கோப்பை எடுத்து நீட்டும். ஆளைக் கண்டதும் சட்டையளவைக் கணிக்கும் தையற்காரரின் திறமை இது.

கட்டணமும் ஒரு தடையாகவிருந்தது. பல நாடுகளில் இணையத்தைப் பயன்படுத்துவோரிடம் கிலோபைற் கணக்கிற் பணம் வாங்கினர். நோர்வே நாட்டு ஒபெரா நிறுவனம் 2005இல் வெள்ளோட்டம் விட்டு, 2006 ஜனவரியில் உலகுக்கு வழங்கிய ‘ஒபெரா மினி’ என்னும் உலாவி இத்தடையைப் பெரிதும் தளர்த்தியது. பயனர் கேட்ட பக்கத்தை நிறுவனத்தின் கணினியே முதலிற் பெற்று, சுருக்கிப் பிழிந்து, மிகச் சிறிதாக்கித் தொலைபேசிக்கு அனுப்பிற்று. தமிழ் மக்கள் நன்றியுடன் நினைக்கத்தக்க வேறொரு வசதியும் அதில் இருந்தது. தமிழ் எழுத்துரு இல்லாத தொலைபேசிகளிலே தமிழ்ப் பக்கங்கள் வெறுங் கட்டங்களாகத் தோன்றிய காலம் அது. அவ்வுலாவியின் அமைப்புப் பக்கத்தில் ஒரு தெரிவை மாற்றிவிட்டால், நிறுவனத்தின் கணினி தமிழ் எழுத்துகளைப் படமாக வரைந்து அனுப்பும். தமிழ் அறியாத கருவி தமிழ்ச் செய்தியைக் காட்டிற்று. அத்தெரிவைப் பற்றிய செய்தி தமிழ் வாசகரிடையே வாய்வழியாகவும் இணையத்தின் வழியாகவும் பரவியது. கணினி வாங்க வகையற்றவருக்கும் தமிழ் வாசிக்கும் வழி இவ்வாறு பிறந்தது.

இவ்வங்காடிகளின் வலிமைக்கும் அவற்றின் எல்லைக்கும் ஒருசேரச் சான்றாவது 2010 ஒக்டோபர் மாதத்து நிகழ்ச்சி. பின்லாந்தின் றோவியோ நிறுவனம் ‘ஆங்கிரி பேர்ட்ஸ்’ என்னும் விளையாட்டின் அன்ட்ரொய்ட் பதிப்பை முதன்முதலிற் கெற்ஜார் தளத்தின் வாயிலாகவே இலவசமாக வெளியிட்டது. திரண்ட கூட்டத்தைத் தாங்கமாட்டாது அத்தளம் தடுமாறிற்று. பின்னர் கூகுளின் அங்காடியிலும் அவ்விளையாட்டு வைக்கப்பட்டது. லித்துவேனியாவில் முளைத்த தளமொன்று பெருநிறுவனங்களுக்கு முன்னே நின்று பண்டம் வழங்கியமை அதன் பெருமை. வந்த கூட்டத்துக்கு வாசல் போதாமற் போனமை அதன் எல்லை.

இவ்வளவும் நன்மையே. ஆயின் பலரும் நுழையும் சந்தையிற் கள்ளரும் நுழைவர். 2004 ஜூன் மாதத்தில் ‘கபீர்’ என்னும் தீங்குநிரல் வெளிப்பட்டது. சிம்பியன் வகைத் தொலைபேசிகளில் புளூரூத் வழியே அது பரவிற்று. அருகிலுள்ள தொலைபேசிக்கு ஒரு கோப்பை அனுப்பும், அத்தொலைபேசி, “ஏற்கலாமா?” என்று உரியவரைக் கேட்கும். “இல்லை” என்றாலும் மீண்டும் கேட்கும். சலிப்புற்று “ஆம்” என்றவரின் கருவியிற் குடிபுகுந்து, அங்கிருந்து அடுத்தவரைத் தேடும். 2005 ஆகஸ்டில் ஹெல்சிங்கி நகரில் உலகத் தடகளப் போட்டிகள் நிகழ்ந்தபோது, மைதானத்தில் நெருங்கியிருந்த கூட்டத்தினரிடையே அது தொற்றியமை அறியப்பட்டது.

கபீரின் தீமை பெரும்பாலும் மின்கலத்தை வற்றச் செய்வதோடு நின்றது. பணத்தைக் குறிவைத்தது 2006 பெப்ரவரியில் வெளிப்பட்ட ‘ரெட்பிரௌசர்’. ஜாவாச் செயலியாகிய அது, இணையத் தொடர்பே இல்லாமல் வாப் தளங்களைக் காணலாம் என்றும், அதற்கெனக் குறுஞ்செய்திகளை இலவசமாக அனுப்பும் என்றும் ஆசை காட்டிற்று. உண்மையில் அச்செய்திகள் மிகுகட்டண எண்களுக்குச் சென்றன. ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு டொலர் பயனரின் கணக்கிலிருந்து கழிந்தது. கவனிக்கத்தக்கது யாதெனில், கள்ளன் இங்கே பூட்டை உடைக்கவில்லை. குறுஞ்செய்தி அனுப்புமுன் உரியவரின் இசைவைக் கேட்பது ஜாவாச் செயலிகளின் ஒழுங்கு. இலவசம் என்று முன்னரே நம்பவைத்தமையால் உரியவர் தாமே இசைந்தார். இலவசம் என்னும் சொல் ஐயத்தை உறங்கச் செய்துவிட்டது.

இந்நிலையிலேதான் காவலுடைய பேரங்காடிகள் எழுந்தன. 2008 ஜூலை 10ஆந் திகதி அப்பிள் நிறுவனம் ஏறக்குறைய 500 செயலிகளுடன் தன் அங்காடியைத் திறந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் கூகுளின் அன்ட்ரொய்ட் அங்காடி திறக்கப்பட்டது. 2012 முதல் அது ‘கூகுள் பிளே’ எனப் பெயர் பெற்றது. கைத்தொலைபேசிக்கென வேறாகத் தளம் அமைக்கும் தேவையும் மெல்ல மறைந்தது. திரையின் அளவுக்கேற்ப ஒரே பக்கம் தானே விரிந்து சுருங்கும் முறையை ஈத்தன் மார்க்கொற் 2010 மே மாதத்திற் கட்டுரையொன்றில் விளக்கினார். 2016 ஒக்டோபரில், உலக இணையப் பாவனையில் கைத்தொலைபேசியும் பலகைக் கணினியும் சேர்ந்து 51.3 விழுக்காட்டை எட்டி மேசைக் கணினியை முந்தின என ஸ்ராற்கவுன்ரர் நிறுவனம் கணக்கிட்டது. சிறு திரைக்கு எனத் தொடங்கிய அங்காடி, இணையத்தின் முதல் வாசலாயிற்று.

பேரங்காடி தரும் காவல் எத்தகையது? பண்டைத் தமிழகத்திலிருந்து ஓர் உவமை கொள்ளலாம். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிலே பண்டப் பொதிகள்மீது சோழரின் புலிப்பொறி இடப்பட்டதைப் பட்டினப்பாலை கூறுகின்றது. பொறியிடப்பட்ட பொதி அரசன் அறிய வந்த பொதி. இன்றைய செயலியும் அவ்வாறே, தன்னை ஆக்கியவரின் எண்முறைக் கையொப்பத்தைச் சுமந்து வருகின்றது. இக்கையொப்பம் கணிதத்தால் அமைந்தது. கோப்பின் ஓரெழுத்தைப் பிறர் மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாது. ஏற்கெனவே தொலைபேசியிலுள்ள ஒரு செயலிக்குப் புதிய பதிப்பென்று சொல்லி வேறொரு கையொப்பமுடைய கோப்பு வந்தால், அன்ட்ரொய்ட் அதனை ஏற்க மறுக்கும்.

ஆயின் பொறி எதைச் சொல்கின்றது, எதைச் சொல்லவில்லை என்பதை வேறுபடுத்தி அறிதல் இன்றியமையாதது. இப்பொதி இன்னாரிடமிருந்து வந்தது, இடையில் அவிழ்க்கப்படவில்லை என்பதையே கையொப்பம் கூறும். உள்ளேயிருப்பது நல்ல மிளகா, பதரா என்பதை அது கூறாது. பேரங்காடியின் பரிசோதனை அதற்கு உதவும். ஆயினும் அது முற்றான அரணன்று. கூகுளின் அங்காடியிலேயே வழங்கப்பட்டு, கோடிக்கணக்கானோர் பெற்றுக்கொண்ட ‘பிறைற்றெஸ்ற் பிளாஷ்லைற்’ என்னும் மின்விளக்குச் செயலி, பயனர் இருக்கும் இடத்தை விளம்பர நிறுவனங்களுக்கு அறிவித்து வந்தது. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 2013 டிசம்பரில் அதனை ஆக்கியவர்மீது நடவடிக்கை எடுத்தது. வெளிச்சம் காட்டும் வேலைக்கு அமர்த்தப்பட்ட ஆள், வீட்டுக்காரர் போகுமிடமெல்லாம் பின்தொடர்ந்து ஊருக்குச் சொல்லிய கதை அது.

காவலர்க்குச் சுங்கமும் உண்டு, அதிகாரமும் உண்டு. அப்பிள் தன் அங்காடியில் விற்கப்படும் செயலிகளின் விலையில் நூற்றுக்கு 30 பங்கு கழித்துக்கொண்டது. சிறிய ஆக்குநருக்கு 2021 முதல் அதனை 15 ஆகக் குறைத்தது. ஐபோன் பாவிப்போருக்கு அவ்வங்காடியன்றி வேறு வாயில் இல்லை என்பது நெடுங்காலம் விதியாகவிருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய எண்முறைச் சந்தைச் சட்டம் இத்தகைய நிறுவனங்களை ‘வாயிற்காவலர்’ என்ற பெயராலேயே குறிக்கின்றது. அச்சட்டத்தின் கடமைகள் 2024 மார்ச் முதல் அந்நிறுவனங்களைக் கட்டுப்படுத்தின. அதன்பின் ஐரோப்பிய ஒன்றியத்துள் ஐபோனுக்கும் வேறு அங்காடிகள் அனுமதிக்கப்பட்டன. அன்ட்ரொய்ட் உலகிலோ, 2010இல் தோன்றிய ‘எப்-ட்ரொயிட்’ போன்ற திறந்த களஞ்சியங்கள், மூலநிரல் யாவரும் வாசிக்கத்தக்கதாய் உள்ள செயலிகளையே தொகுத்து வழங்கி வருகின்றன. ஆகவே பேரங்காடி யாவும் நல்லவை, புறத்தளம் யாவும் தீயவை என்று கோடு கிழித்துவிடல் இயலாது. வாயில் எதுவாயினும், நுழைவதை அளந்தறியும் பொறுப்பு உரியவரையே சாரும்.

இனி, கோப்புகளை வைக்கும் களஞ்சியங்களைப் பற்றிச் சிறிது நோக்கலாம். கடிதத்துடன் இணைத்து அனுப்பவியலாத பெரிய கோப்பை ஒரு தளத்தில் ஏற்றிவிட்டு, அதன் முகவரியை மட்டும் நண்பருக்கு அனுப்பும் முறை 2000க்குப் பின் பெருவழக்காயிற்று. ‘மெகாஅப்லோட்’ என்னும் தளம் இவ்வகையிற் பெயர்பெற்றது. பதிவுசெய்த பயனர் 15 கோடிக்கு மேற்பட்டோர் என அதன்மீது எழுந்த குற்றப்பத்திரமே கூறிற்று. பதிப்புரிமையை மீறிய கோப்புகளால் வருவாய் ஈட்டியதாகக் குற்றஞ்சாட்டி, 2012 ஜனவரி 19ஆந் திகதி அமெரிக்க அரசு அதனை முடக்கியது. திருட்டுப் படங்களுடன் நல்லோரின் கோப்புகளும் அகப்பட்டுக்கொண்டன. ஒஹாயோ மாநிலத்தில் பள்ளிகளின் விளையாட்டுப் போட்டிகளைப் படம்பிடித்துத் தொழில் நடத்திய ஒருவர், தம் படங்களின் மறுபிரதியை அத்தளத்திலேயே வைத்திருந்தார். வீட்டிலிருந்த வன்தட்டும் பழுதுற்றமையால் அவர் நீதிமன்றத்தை நாடவேண்டியதாயிற்று. மற்றுமொரு பெருங் களஞ்சியமாகிய ‘ரபிட்ஷெயர்’ முன்னறிவித்தல் கொடுத்து 2015 மார்ச் 31இல் தானே கதவடைத்தது. பிறர் வீட்டுப் பரணில் வைத்த பொருள், அவ்வீடு பூட்டப்படும் வரைக்குமே நம்முடையது.

பதிப்புரிமை என்பது தொலைதூர நாடுகளின் வழக்கு மாத்திரமன்று. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாடலாசிரியரையும் நூலாசிரியரையும் நிரல் எழுதுவோரையும் காக்கின்றது. ஒரு பாட்டைப் படியெடுத்தால் மூலப்பாட்டுக் குறைவதில்லை. அதனாலேயே அதனைத் திருட்டென்று எண்ணப் பலருக்கு மனம் வருவதில்லை. ஆயின் குறைவது பாடியவரின் ஊதியம்.

நேயர்கள் நாள்தோறும் கைக்கொள்ளத்தக்க முறைகள் சில உள. செயலியொன்று வேண்டுமாயின், அதனை ஆக்கியவரின் சொந்தத் தளத்தையோ தொலைபேசியோடு வந்த அங்காடியையோ முதலில் நாடுக. பணங்கொடுத்துப் பெறவேண்டிய செயலியை இலவசமாய்த் தருவதாகக் கூறும் தளத்தில், அச்செயலி அவிழ்த்துக் கட்டப்பட்ட பொதியாகவே இருக்கக்கூடும். கோப்புத் தளங்களிற் ‘தரவிறக்குக’ என்னும் பொத்தான் பல காணப்படும்; அவற்றுட் பெரிதாயும் பளிச்சென்றும் உள்ளது பல வேளைகளில் விளம்பரமேயாகும். செயலி கேட்கும் அனுமதியை அதன் வேலையோடு ஒப்பிட்டு நோக்குக. வழிகாட்டும் செயலி இருக்குமிடத்தைக் கேட்பது நியாயம். கணக்குப் பொறி குறுஞ்செய்திகளை வாசிக்கக் கேட்பது நியாயமன்று. 2015இல் வந்த அன்ட்ரொய்ட் ஆறாம் பதிப்பு முதல், அனுமதிகளை ஒவ்வொன்றாய்க் கொடுக்கவும் மறுக்கவும் கொடுத்ததை மீட்கவும் இயலும். அவ்வுரிமையைப் பயன்படுத்துவோர் மிகச் சிலரே.

தெரிந்தவர் அனுப்பியது என்பதும் போதிய சான்றன்று. 2024 நவம்பரில் இந்தியாவின் இமாசலப் பிரதேசப் பொலிசார் மக்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தனர். திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வாட்ஸ்அப் வழியே வந்த கோப்பு, உண்மையில் அன்ட்ரொய்ட் செயலியாக இருந்தது. திறந்தவரின் தொலைபேசி வஞ்சகர் கைக்குட் சென்றது. அழைப்பிதழ் படமாகவோ ஏடாகவோ வரும். ‘ஏபிகே’ என்னும் பெயரீற்றோடு வருவது அழைப்பிதழன்று, வேலைக்கு அமர வந்த ஆள். பெயரீற்றை வாசிக்கும் பழக்கம் ஒன்றே பலரைக் காத்திருக்கும். இத்தகைய தீங்கு நேர்ந்தவிடத்து, இலங்கையில் 2006இல் நிறுவப்பட்ட ‘எஸ்.எல். சேர்ட்’ என்னும் கணினிப் பாதுகாப்பு அமைப்புக்கு முறையிடலாம். வெட்கத்தால் மறைப்பது கள்ளனுக்கே துணையாகும்.

வீட்டிலே முதியோரும் சிறுவரும் ஒரே தொலைபேசியைப் பாவிக்குமிடத்து இக்கவனம் இருமடங்கு வேண்டப்படும். சிறுவர்க்குக் கருவி பழகியது; உலகம் பழகவில்லை. முதியோர்க்கு உலகம் பழகியது, கருவி பழகவில்லை. பேரன் பொத்தானைக் காட்ட, பாட்டனார் ஆளை எடைபோடக் கற்பிப்பாராயின், அவ்வீடு எந்தக் காவலரையும் முற்றாக நம்பியிருக்க வேண்டியதில்லை. மதிப்புள்ள படங்களையும் ஆவணங்களையும் ஒரு களஞ்சியத்தில் மட்டும் வையாது, வீட்டில் ஒரு பிரதியும் வெளியில் ஒரு பிரதியுமாக வைத்தலும் அவ்வீட்டார் கைக்கொள்ள வேண்டிய வழக்கமாகும்.

சிறு திரைக்கெனத் தோன்றிய அங்காடிகள், வசதி குறைந்தோர் கையிலும் அறிவையும் விளையாட்டையும் தாய்மொழியையும் கொண்டுவந்து சேர்த்தன. அப்பயனை அச்சத்தால் இழந்துவிடுதல் தகாது. கபீர் முதல் அழைப்பிதழ் வரை நிகழ்ந்த வஞ்சனைகள் யாவற்றிலும் கதவைத் திறந்தது “ஆம்” என்னும் ஒரு சொல்லே. அச்சொல்லைச் சொல்லுமுன், வந்தவர் யார், எதற்காக வந்தார், எதைக் கேட்கின்றார் என மூன்று வினாக்களைக் கேட்க ஒரு நிமிடம் போதும். அந்நிமிடத்தைச் செலவிடுவோர் அங்காடியின் பயன் முழுவதையும் அச்சமின்றிப் பெறுவர்.